கோய் குளத்து ஃபில்டர்: பலரும் சறுக்கும் இடங்கள்

வீட்டுத் தோட்டத்தில் கோய் (வண்ண அலங்காரக் கெண்டை மீன்) குளம் கட்டுகிறவர்கள் கல், அருவி, அல்லித் தொட்டி எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் ஃபில்டரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஃபில்டரை வெறும் வடிகட்டியாக நினைப்பதுதான் பெரிய தவறு. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, ஸ்பாஞ்சிலும் சிக்காது. ஃபில்டருக்குள் குடியேறும் பாக்டீரியாதான் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. தண்ணீர் பளிங்குபோல் இருக்கும்போதே மீன் செத்து மிதப்பது, மாறாமல் தங்கிவிடும் இந்த அமோனியாவால்தான். யுவி (புற ஊதா) விளக்கு போட்டால் பச்சைப் பாசி போகும், அமோனியா போகாது. தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு அமோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட் ஒன்று கையில் இருக்கட்டும்.

இந்த பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குளம் நிரம்பிய மறுநாளே இருபது மீனைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? இன்னொரு பக்கம், நன்றாக வேலை செய்யும் ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் 'சுத்தமாக' அலசி, குளோரினால் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறவர்களும் உண்டு. வாளியில் குளத்துத் தண்ணீரையே எடுத்து அதில் பிழிந்தால் போதும். எல்லா ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் தொட வேண்டாம்.

அடுத்து பம்பு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குளத்தில் சுமார் 6,800 லிட்டர் பிடிக்கும். அவ்வளவும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும். பெட்டியில் 'மணிக்கு 5,000 லிட்டர், ஹெட் 3 மீட்டர்' என்றிருந்தால், உயரமே ஏற்றாதபோது கிடைப்பதுதான் அந்த 5,000. ஹெட் என்பது பம்பு ஏற்றக்கூடிய உச்ச உயரம்; அந்த 3 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது! அருவிக்காக ஒன்றரை மீட்டர் ஏற்றுகிறவர், அந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஃபில்டர் பெட்டியிலும் இதே கதை. சில கம்பெனிகள் மீன் இல்லாத குளம், மீன் உள்ள குளம், கோய் குளம் என்று மூன்று அளவு போட்டிருக்கும். கோய்க்கான அளவு முதல் அளவில் கால்வாசிதான் இருக்கும். கடைக்காரர் பெரும்பாலும் பெரிய எண்ணைத்தான் சொல்வார்.

கழிவைப் பிடிக்கும் பிரஷ்ஷும் ஸ்பாஞ்சும் முதலில் வரட்டும், மீடியா, அதாவது பாக்டீரியா ஒட்டி வளர்வதற்கான பொருள், அதற்கப்புறம். மாற்றி வைத்தால் மீடியா சேறாகிவிடும்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி பம்பை நிறுத்துவதும் கூடாது. பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். கோடையில் சூடான தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும். மின்வெட்டு வரும் ஊர் என்றால் சின்ன ஏர் பம்பு ஒன்றையாவது இன்வெர்டரில் மாட்டிவிடுங்கள்.

பம்பையும் மீடியாவையும் பிறகுகூட மாற்றிக்கொள்ளலாம். குளத்துத் தரையின் நடுவே வைக்க வேண்டிய பாட்டம் டிரெயினும் (அடி வடிகால்) அதிலிருந்து ஃபில்டருக்குப் போகும் 4 அங்குல பிவிசி குழாயும் அப்படியில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.