தேதி முடிந்த கிஃப்ட் கார்டிலிருந்து பணத்தை மீட்பது எப்படி? (அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு)

வீடு மாற்றும்போது மேசை இழுப்பறையிலிருந்து 100 டாலர் கிஃப்ட் கார்டு ஒன்று கிடைத்தது. முகப்பில் போட்டிருந்த தேதி முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. கடையில் தேய்த்துப் பார்த்தேன், மெஷின் ஏற்கவில்லை. குப்பைக்குத்தான் போயிருக்கும், பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசிக்காமல் விட்டிருந்தால். மூன்று வாரத்தில் 100 டாலரும் புது அட்டையில் வந்து சேர்ந்தது.

1. கார்டு யார் கொடுத்தது என்று பாருங்கள். ஒரே கடையில் மட்டும் செல்லுமா, விசா, மாஸ்டர்கார்டு முத்திரையோடு எங்கும் செல்லுமா? எங்கும் செல்லும் என்றால் பின்னால் ஒரு வங்கியின் பெயர் இருக்கும், நீங்கள் பேச வேண்டியது அவர்களோடுதான்.

2. வாங்கிய தேதியைக் கண்டுபிடியுங்கள். 2009-இல் வந்த ஃபெடரல் சட்டம், கார்டு ஆக்ட் என்பார்கள், 2010 ஆகஸ்ட் 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாங்கிய நாளிலிருந்தோ கடைசியாகப் பணம் ஏற்றிய நாளிலிருந்தோ 5 ஆண்டுக்குள் கார்டில் உள்ள பணம் காலாவதியாகக் கூடாது. ரசீது இல்லையென்றால் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் தேடுங்கள். பரிசாக வந்ததென்றால் கொடுத்தவரிடம் கொஞ்சம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியதுதான்.

3. நான் சறுக்கிய இடம் இதுதான். முகப்பில் இருக்கும் தேதி அந்த பிளாஸ்டிக் அட்டைக்கு உரியது, உள்ளே இருக்கும் பணத்துக்கு உரியது அல்ல. என் கார்டின் பின்னால் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் "அட்டை காலாவதியாகும், பணம் காலாவதியாகாது, மாற்று அட்டைக்கு இந்த எண்ணை அழைக்கவும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஃபோன் கேமராவில் பெரிதாக்கித்தான் வாசித்தேன். அழைத்தால், மாற்று அட்டைக்குக் கட்டணம் உண்டு என்றார் பேசியவர். பணம் உயிரோடு இருக்கும்வரை, தேதி முடிந்த அட்டைக்கு மாற்று கொடுக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, தொலைந்தாலோ திருடு போனாலோ மட்டும் வாங்கலாம் என்று சொன்னேன். ஐந்து நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டு, சரி, இலவசமாக அனுப்புகிறோம் என்றார்.

எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், போலி எண்கள் ஏராளம். அட்டையில் இருப்பதையே அழையுங்கள். சாட் வசதி இருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும், அவர்கள் சொன்னது எழுத்தில் நிற்கும்.

4. மீதி குறைந்திருந்தால் பதறாதீர்கள். 12 மாதம் தொடாமல் கிடந்தால் மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அதை அட்டையிலேயே தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். போடவில்லையா, திருப்பிக் கேளுங்கள்.

5. உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள், பல இடங்களில் ஃபெடரல் சட்டத்தைவிட நல்லது. கலிஃபோர்னியாவில் கடைகள் விற்கும் கார்டுக்குப் பெரும்பாலும் காலாவதியே கிடையாது, மீதி 10 டாலருக்குக் கீழே (2026 ஏப்ரல் 1 முதல் 15 டாலருக்குக் கீழே) என்றால் பணமாகவே கேட்கலாம். நியூயார்க்கில் 2022 டிசம்பர் 10 முதல் விற்றவற்றுக்குக் குறைந்தது 9 ஆண்டு.

6. மசியவில்லையா? வங்கிக் கார்டு என்றால் சிஎஃப்பிபி (CFPB, நுகர்வோரின் பண விஷயங்களைப் பார்க்கும் ஃபெடரல் அமைப்பு) தளத்தில் புகார் கொடுங்கள். கடைக் கார்டு என்றால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர், "50 டாலருக்கு வாங்கினால் 10 டாலர் இலவசம் என்று உணவகத்தில் கொடுத்த கார்டு மூன்று மாதத்தில் செத்துவிட்டது, இதற்கும் 5 ஆண்டுதானே?" என்று கேட்டார். இல்லை. அந்த 10 டாலர் விளம்பரத்துக்குக் கொடுத்தது, 5 ஆண்டு விதி அதற்குப் பொருந்தாது. 50 டாலர் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு பின்சேர்க்கை: தள்ளுபடித் தளத்தில் 20 டாலர் கொடுத்து 40 டாலர் கூப்பன் வாங்கியவர்களுக்கும் இதே கணக்குதான். சலுகைத் தேதி முடிந்தபின் கடைக்காரர் 40-க்குத் தர மாட்டார். நீங்கள் கொடுத்த 20-க்கு உரிமை போகாது, அதைக் கேட்டு வாங்குங்கள்.