பைப் பேண்ட் சைடு டிரம்: வீட்டிலேயே பழகலாம்

அணிவகுப்பில் பைப் பேண்ட் (பேக்பைப் என்கிற பை வைத்த ஊதுகுழலும் டிரம்களும் சேர்ந்த குழு) போனால் எல்லோரும் பைப் ஊதுபவரைத்தான் பார்ப்பார்கள். எனக்கோ சைடு டிரம் (இடுப்புக்கு முன்னால் மாட்டி இரண்டு குச்சியால் அடிக்கும் டிரம்) வாசிப்பவரின் மணிக்கட்டில்தான் கண். சொல்லித்தர ஆள் கிடைக்காததால், சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன்.

முதலில் டிரம் வாங்க ஓடாதீர்கள். பைப் பேண்ட் டிரம்மின் மேல்தோல் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையில் ஆனது. மேசைப் பலகை மாதிரி விறைப்பாக முறுக்கி வைத்திருப்பார்கள். சாதாரண சைடு டிரம்மில் கீழ்த்தோலில் மட்டும்தான் கம்பிச்சரம். இதில் மேல்தோலுக்கு அடியிலும் ஒன்று உண்டு. சோளம் பொரிவது போன்ற அந்தச் சத்தம் அதனால்தான். இதை வீட்டில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஓரடிச் சதுரப் பலகையில் கெட்டியான ரப்பர் ஷீட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், போதும். தலையணை வேண்டாம். அதில் குச்சி எம்பாது. எம்புகிற குச்சியைக் கைக்குள் வைத்திருப்பதுதான் இங்கே வித்தையே.

அடுத்தது பிடி. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சியைப் பிடிக்க, மற்ற விரல்கள் சும்மா சுற்றியிருக்கட்டும். இடது கையில் குச்சி கட்டைவிரல் இடுக்கில் உட்கார்ந்து, மோதிர விரல்மேல் சாய்ந்திருக்கும். ஆள்காட்டியும் நடுவிரலும் மேலே. சாவி திருப்புவது போல முன்கையைத் திருப்பினால் அடி விழும். நான் இறுக்கிப் பிடித்து, இடுக்கில் கொப்புளம் வந்து பத்து நாள் குச்சியையே தொடவில்லை.

இனி, கைக்கு முன் வாய். இரட்டை அடியை வெளிநாட்டு டிரம்காரர்கள் ‘மம்மி டாடி’ என்று சொல்லிப் பழகுவார்கள். நமக்கு ‘அப்பா அம்மா’ இன்னும் வசதி: அப்-பா வலது இரண்டு, அம்-மா இடது இரண்டு. அப்புறம் பாராடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இதற்குத் ‘தகதிமி தகதிமி’ என்று சொல்லுங்கள். 6/8 மெட்டு (மூன்று மூன்றாக எண்ணுவது) வந்தால் ‘தகிட தகிட’. சொல் தடுக்கினால் கையும் தடுக்கும்.

செல்போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தட்டுக்கு ஒரு தகதிமி அடியுங்கள். இரண்டு நிமிடம் பிசகாமல் வந்தால் 64. நின்ற இடத்திலேயே இடது காலை முதலில் வைத்து நடந்தபடி அடிப்பது இன்னும் நல்லது. பேண்டில் நடந்துகொண்டேதானே வாசிக்கப் போகிறோம்?

‘அப்பா அம்மா’ வேகம் பிடித்து இழைந்தால் அதுதான் உருட்டு. பைப் பேண்ட் பாட்டைத் தொடங்கும்போது, மூன்று காலடி நீளத்துக்கு ஒன்றாக இரண்டு உருட்டு வரும். அது சுத்தமாக வரும்வரை ஃபிளாம் (பெரிய அடிக்குச் சற்று முன் ஒரு சின்ன அடி), டிராக் (முன்னால் இரண்டு சின்ன அடி) பக்கம் போகாதீர்கள்.

எழுத்து முறை எளிது. ஒரே கோடு, மேலே இருப்பது வலது கை, கீழே இருப்பது இடது கை. காது பழக, ஸ்காட்லாந்தின் பைப் பேண்ட் டிரம்காரர் அலெக்ஸ் டூதர்ட் (1925–1986) வாசிப்பைத் தேடிக் கேளுங்கள்.

இடது கை சோம்பேறி. அதற்கு நான் கண்ட வழி ஏற்காடு பஸ். 20 கொண்டை ஊசி வளைவு, தொடையில் விரலால் பாராடிடில். ஒற்றைப்படை வளைவு தாண்டினால் வலது கை முதலில், இரட்டைப்படை தாண்டினால் இடது கை முதலில். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.