மை கக்கும் சிறிய பிஸ்டன் பேனா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னால் உள்ள திருகைத் திருப்பினால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து, புட்டியிலிருந்து மையை உறிஞ்சிக்கொள்வது பிஸ்டன் பேனா. சட்டைப்பையில் அடங்கும் சிறிய பிஸ்டன் பேனாவைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை ‘மை கக்குகிறது’ என்ற ஒன்றிலேயே வந்து நிற்கின்றன. எழுத எழுதக் குறையும் மையின் இடத்தில் காற்று புகுகிறது. அந்தக் காற்று விரிந்தால் மையைத்தான் வெளியே தள்ளும். இதைக் கவனிக்காமல் பேனாவைப் பழிப்பது நியாயமில்லை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேர்வதற்குள் காற்றழுத்தம் குறைந்து, பேனாவுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விரிந்துவிடுகிறது. ஒரு மில்லி மை பிடிக்கும் பேனா பாதி காலியாக இருந்தால், உள்ளே உள்ள அரை மில்லி காற்று ஒன்றரைச் சொட்டு மையைத் தள்ளிவிடப் போதும். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் பள்ளங்கள் அதில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளும். பேனா பைக்குள் படுத்துக் கிடந்தால் மீதி மூடிக்குள் இறங்கி, திறந்தவுடன் விரலில் அப்பும். ஆகவே மலையேறும் முன் மையை முழுக்க நிரப்ப வேண்டும், அல்லது முழுக்கக் காலி செய்துவிட வேண்டும். பாதி மையோடு போக நேர்ந்தால், நிப் மேல்நோக்கி இருக்கும்படி செருகி வைத்தால் காற்று மட்டும் வெளியேறும். இறங்கும்போது இந்தத் தொல்லை இல்லை.

மலைக்கே போகாதவர்களுக்கும் வெப்பம் இதே வேலையைச் செய்யும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பேனாவை விட்டுவைக்கக் கூடாது; கால் பங்கு மை மிஞ்சியிருக்கும்போதே மீண்டும் நிரப்பிவிடுவது நல்லது.

நிரப்பும்போது நிப்பின் நுனியை மட்டும் நனைத்தால் மையோடு காற்றும் ஏறிவிடும். நிப் முழுவதும் மூழ்கி, கழுத்தின் விளிம்பு மையைத் தொட வேண்டும். நிரம்பியபின் இரண்டு மூன்று சொட்டுகளைப் புட்டியிலேயே விட்டுவிட்டு, நிப்பை மேலே திருப்பித் திருகை இறுதிவரை மூடி, கழுத்தைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

எழுத்து வறளும்போது பின்திருகைத் திருகி மையை முன்னே தள்ளுவதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான பழக்கம். கட்டை நனைந்து சிறிது நேரம் எழுதும். பிறகு தாளின் நடுவே ஒரு சொட்டு விழும். வறட்சிக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த மையோ நிப்பில் சிக்கிய தாள் நாரோதான், கழுவினாலே சரியாகிவிடும்.

திருகு இறுகிவிட்டால் குறடு போடாமல், நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடலாம். பிஸ்டனுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது; சிலிக்கான் கிரீஸ் துளியளவு போதும். அரக்கு கலந்த இந்தியன் இங்க் கட்டையை அடைத்துவிடும். சானிடைசர் கொண்டு கழுவினால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல் விரிசல் விடக்கூடும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், கடைசி அலசலை மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீரில் செய்யலாம்.