ஒல்லியா இருந்தும் சுகர் பார்டர்ல வந்துச்சா? வீட்லயே தசை ஏத்துறது எப்படி

போன வருஷம் செக்கப்ல எனக்கு ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட்) 6.1 வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் பார்டர், 6.5 ஆச்சுன்னா சுகர். எடை 54 கிலோ, உயரம் 154 சென்டிமீட்டர், பாக்கிறவங்கல்லாம் "ஒல்லியா தானே இருக்க, உனக்கெப்படி சுகர்"னு கேட்டாங்க, நானும் அதையே தான் நினைச்சேன். ஆறு மாசம் தினமும் காலைல நடந்தேன், ராத்திரி ரெண்டு இட்லியோட நிறுத்திட்டேன், எடை 51 ஆச்சு ஆனா சுகர் 6.0. அதோட மாடிப்படி ஏறுறது முன்ன விட கஷ்டமாயிடுச்சு. குறைஞ்ச மூணு கிலோல தசையும் சேந்து போயிருக்குன்னு ரொம்ப லேட்டா தான் புரிஞ்சுது.

விஷயம் இது தான். சாப்பிட்டதும் ரத்தத்துக்கு வர்ற சர்க்கரைல ஒரு பெரிய பங்க இன்சுலின் தசைக்குள்ள தான் தள்ளுது. அறுவடை நெல்லு வண்டி வண்டியா வர்றப்ப வீட்ல குதிரு சின்னதா இருந்தா மிச்சம் வாசல்ல தான கெடக்கும், அதே கதை. குதிரு பெருசா இருந்தாலும் போதாது, எடுத்து செலவு பண்ணா தான் புதுசுக்கு எடம் வரும், அதுக்கு தான் தசைக்கு வேலை குடுக்கணும்ங்கிறது. வேலை செய்ற தசை இன்சுலின் இல்லாமலே சர்க்கரைய இழுத்துக்கும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது இன்னும் முக்கியம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல அவங்க ரெண்டு பேர் போட்டோவையே போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கிற கணக்கு) 22.3, ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால எடை மிஷின மட்டும் நம்பாதீங்க.

1. முதல்ல அளவு எடுங்க

டெய்லர் டேப்பால இடுப்பு சுத்தளவு. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதுக்கு மேல போனா கவனிக்கணும். எனக்கு 84 இருந்துச்சு. அப்புறம் கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு நாற்காலில இருந்து அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க, போன்ல டைம் பாருங்க. 12 செகண்ட் இல்ல அதுக்கு மேல ஆச்சுன்னா கால்ல பலம் கம்மின்னு அர்த்தம். எனக்கு 14. கொழுப்பு சதவீதம் காட்டுற மிஷின் வாங்காதீங்க, தண்ணி குடிச்சா ஒண்ணு குடிக்கலன்னா ஒண்ணு காட்டும்.

2. அஞ்சே அசைவு

நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது, சுவத்துல கை வெச்சு தள்ளுறது, குனிஞ்சு கனம் வெச்ச ஸ்கூல் பைய இடுப்பு வரைக்கும் இழுக்கிறது, முதுகு வளையாம தரைல இருந்து பைய தூக்குறது, குதிகால் உயர்த்துறது. ஒவ்வொண்ணும் மூணு ரவுண்டு, வாரத்துல ரெண்டு மூணு நாள், நடுவுல ஒரு நாள் கேப். தூக்குறப்ப மூச்ச அடக்காதீங்க, வெளிய விடுங்க.

3. கனத்த ஏத்துங்க

நான் சறுக்கினது இங்க தான், இத மட்டும் ரெண்டு தடவை படிங்க. ரெண்டு மாசம் வெறுங்கையோட பத்து தடவை உக்காந்து எந்திரிச்சேன், ஒரு நாள் கூட விடல, ஆனா நாற்காலி டெஸ்ட்ல அதே 14 செகண்ட். மூணாவது வாரத்துலயே உடம்பு அந்த வேலைக்குப் பழகிடுச்சு, பழகின வேலைக்கு தசை வளராது. பத்துன்னு ஒரு நம்பர வெச்சுக்கிட்டு பத்து வந்ததும் நிறுத்துனது தான் தப்பு. 8ல இருந்து 12 தடவைக்குள்ள, இன்னும் ரெண்டு தடவைக்கு மேல முடியாதுங்கிற நெலமைக்கு வரணும், கடைசி தடவைல வேகம் தானா குறையணும்.

ஸ்கூல் பைல ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில வெச்சு ஆரம்பிங்க. அடுத்தடுத்த ரெண்டு எக்சர்சைஸ் நாள்ல 12 சுலபமா வந்துச்சுன்னா அரை லிட்டர் கூட்டுங்க, அரை லிட்டர்னா அரை கிலோ, கணக்கு கரெக்டா இருக்கும். ரப்பர் பேண்ட் எனக்கு புடிக்காது, எவ்ளோ கனம் இழுக்கிறோம்னே தெரியாது, இத்துப்போனா பட்டுனு அந்துரும். போன் ஆப்பும் வேணாம், காலண்டர்ல எழுதுங்க, கண்ணு முன்னாடி இருக்கும். நான் இப்ப 11 கிலோ பையோட உக்காந்து எந்திரிக்கிறேன்.

4. புரோட்டீன்

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்றது கிலோ எடைக்கு 0.83 கிராம், 54 கிலோவுக்கு 45 கிராம் கிட்ட. நான் 60 வெச்சுக்கிறேன். நாலு இட்லில 8 கிராம் கூட தேறாது, அதான் பிரச்சனையே. முட்டை ஒண்ணு 6 கிராம், மீல்மேக்கர் காஞ்சது 25 கிராம் எடுத்தா 13 கிட்ட, சாயங்காலம் பிஸ்கட்டுக்கு பதிலா ஒரு கிண்ணம் சுண்டல். பவுடர் தேவைப்படல. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க இத டாக்டர கேக்காம செய்யாதீங்க.

அஞ்சு மாசத்துல எடை 53, அதாவது ரெண்டு கிலோ கூடிருக்கு, ஆனா இடுப்பு 79, நாற்காலி 10 செகண்ட், ஹெச்பிஏ1சி 5.6. நடக்கிறத விடல, சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்கிறேன். ஒரு கிலோ தசை கூடினா தினம் நூறு கலோரி எரியும்னு சொல்றாங்கல்ல, அது தப்பு, சும்மா இருக்கிறப்ப 13 கலோரி தான். லாபம் சர்க்கரைய வாங்கி வெக்கிறதுல இருக்கு.

அப்டேட்: எக்சர்சைஸ் முடிச்சதும் மீட்டர்ல சுகர் ஏறுதுன்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. கனம் தூக்குறப்ப அட்ரினலின் வந்து கல்லீரல் சேத்து வெச்ச சர்க்கரைய வெளிய விடும், அது கொஞ்ச நேரத்துல எறங்கிடும். மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி பாருங்க, அது தான் கணக்கு. ரத்த சோகை இருந்தா அந்த நம்பரே தப்பா காட்டலாம், கூடவே ஹீமோகுளோபினும் பாத்துடுங்க.

இன்னொரு அப்டேட்: கிளிமெபிரைட்ங்கிற சுகர் மாத்திரை போடுற ஒரு அண்ணன் வெறும் வயித்துல செஞ்சு தலை சுத்தி உக்காந்துட்டாராம். அந்த மாதிரி மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க சுகர் பாத்துட்டு செய்ங்க, பக்கத்துல சர்க்கரை வெச்சுக்கோங்க. கண்ணு விழித்திரைல சுகர் பாதிப்பு இருக்கிறவங்க கண் டாக்டர் சரின்னு சொன்ன பிறகு தான் பைய தொடணும்.