ஓய்வுக்காலத்துக்குத் தீவில் வீடு வாங்கப் போகிறீர்களா?

வீட்டைப் பார்க்கும் முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்தைச் சொந்தமாக வாங்க முடியாது. ஃபூகெட்டில் ஃப்ளாட் வாங்கலாம், ஆனால் அந்தக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். பாலியிலும் நிலத்தின் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான். "உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிவிட்டு, தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி அந்த ஏற்பாடு செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. வாழ்நாள் சேமிப்பு அது, தயவுசெய்து இந்த வழியில் போகாதீர்கள்.

குத்தகை என்றால் எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். 60 வயதில் 20 வருடக் குத்தகை எடுத்தால் 80 வயதில் வீடு தேடி அலைய வேண்டும்.

சரி, பத்திரமெல்லாம் தெளிவு, அப்புறம்? மழைக்காலத்தில் அங்கேயே இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சுவரின் அடியில் பழைய வெள்ளக்கோடு தெரிகிறதா, ஜன்னல் கீல்களை உப்புக்காற்று அரித்திருக்கிறதா, படகு ஓடாத நாளில் நெஞ்சுவலி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எப்படிப் போவது? விசாவையும் தனியாக விசாரியுங்கள், பல நாடுகளில் வீடு வாங்கியதாலேயே தங்கும் உரிமை வந்துவிடாது.