கிணற்று இறைப்பை மண்ணெண்ணெயிலிருந்து வெயிலுக்கு மாற்றும் முறை

நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையத்தை இன்னும் எத்தனை ஆண்டு நம்பியிருப்பது, மன்னாரில் மேலும் காற்றாலைகள் வேண்டுமா என்ற விவாதம் கொழும்பில் நடந்துகொண்டிருக்க, வன்னியில் கிணற்றுத் தோட்டம் செய்பவர் எந்தச் சக்தியை நம்புவது என்ற அதே கேள்வியை மண்ணெண்ணெய்க் கானோடு வரிசையில் நின்று எதிர்கொள்கிறார். 1990களில் வடக்கின் மீதிருந்த பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்குக்குத் துளித்துளியாக எண்ணெய் விட்டவர்கள் நாம். 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயானபோது தோட்டம் வாடியதையும் பார்த்தோம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டு வளியில் சேர்கிறது என்பது இக்கணக்கின் மறுபக்கம்.

வெயிலில் ஓடும் சூரியப் பம்புக்கு மாற நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன் கிணற்றை அளக்க வேண்டும். மாரி முடிந்த கையோடு அளந்தால் கிணறு பொய் சொல்லும். நீர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும் ஆவணியில், அரைமணி நேரம் இறைத்த பின், நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் கொட்டும் இடம்வரை எத்தனை மீற்றர் என்று கயிறு விட்டுப் பாருங்கள். பிறகு ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தேவை என்று கணியுங்கள். அரை ஏக்கர் மிளகாய்க்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்றால் அது ஏறத்தாழ 10,000 லீற்றர். வாய்க்காலில் பாய்ச்சினால் வீணாவதையும் சேர்த்து 20,000 என்று வையுங்கள்.

இருபதாயிரம் லீற்றரைப் பத்து மீற்றர் உயர்த்த அரைக் கிலோவாற்று மணித்தியாலத்துக்குச் சற்று மேலான சக்தியே வேண்டும். பம்பிலும் குழாயிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும் என்று கொண்டாலும் ஒன்றரையைச் சிறிது தாண்டும், அவ்வளவுதான். வன்னியின் கோடை வெயிலுக்கு 800 வாற்றுச் சூரியத் தகடுகள் இதைத் தாராளமாகத் தரும். இரண்டு மடங்கு பெரியதை விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, எங்கே தவறு என்று கேளுங்கள்.

தகடுகளைத் தெற்கு நோக்கி, ஏறக்குறைய 10 பாகை சரிவில் பொருத்த வேண்டும். நம் அகலக்கோட்டுக்கு அது போதும், கிரவல் வீதிப் புழுதியை மழை கழுவிச் செல்லவும் அந்தச் சரிவு உதவும். ஒரு பனையோலையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் தொடராக இணைத்த மற்றவற்றின் மின்னும் குறையும். அதற்காக நின்ற பாலையையோ வேம்பையோ தறித்து வெயில் தேடுவது என் பார்வையில் தவறு. நிழல் விழாத இடத்துக்குச் சட்டத்தை நகர்த்தி, சற்று நீளமான வயர் வாங்குவதே மேல். மன்னாரில் வலசைப் பறவைகளின் வழியில் காற்றாலை நிற்கலாமா என்று கேட்கும் நியாயம் நம் வளவுக்கும் பொருந்தும். சட்டத்தைக் கறையான் தின்னாத இரும்புக் குழாயில் செய்து, சோளகக் காற்று பெயர்க்காதபடி கொங்கிறீற்றில் ஊன்றுங்கள். கழுவுவதைச் சூடேறாத விடியலில் செய்யுங்கள்.

பற்றரி வேண்டாம். அது விலை கூடியது, சில ஆண்டுகளில் தேய்ந்தும் போகும். அந்தப் பணத்தில் உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினால் நண்பகல் வெயில் மாலைப் பாய்ச்சலுக்குத் தேங்கி நிற்கும்.

எனக்கு மிகவும் கவலை தரும் விடயம் இனித்தான். எண்ணெய்ச் செலவு இருந்தபோது கை தானாகவே இயந்திரத்தை நிறுத்தியது; வெயிலுக்கு விலை இல்லாததால் பம்ப் நாள் முழுவதும் ஓடும், கிணறு ஊறுவதற்கு இடைவெளி கிடைக்காது. முல்லைத்தீவு, பூநகரிக் கரையோரங்களில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உள்ளே வரும், வந்த உவர் எளிதில் திரும்பாது. ஆகவே தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்தும் மிதவை ஆளியையும், நீர் குறைந்தால் நிறுத்தும் உணரியையும் முதல் நாளே பொருத்திவிடுங்கள். வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மழைக்காலத்தில் வெயில் இல்லையே என்பார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை முகில் மூடும் அதே மாதங்களில்தான் வானமே பயிருக்குத் தண்ணீர் விடுகிறது. இடையில் தொடர்ந்து மந்தாரமாக இருக்கும் சில நாட்களுக்காகப் பழைய இயந்திரத்தை விற்காமல் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திய பின் காபுரேற்றரிலுள்ள எண்ணெயை வடித்துவிட்டால் அது இறுகாமல் இருக்கும்.