திரிசூலியில் ராஃப்டிங்: நண்பர்களோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காத்மாண்டுவிலிருந்து பொக்கராவுக்குப் போகும் பிருத்வி நெடுஞ்சாலையில் மலையிறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் ஓர் ஆறு சாலையோடு சேர்ந்துகொள்ளும். அதுதான் திரிசூலி. நேபாளத்தில் முதல்முறை ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டு வேகமான ஆற்றில் போவது, செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆற்றுக்குத்தான் வருகிறார்கள். போகிற வழியிலேயே இருக்கிறது, ஆற்றில் அரை நாளில் முடிந்துவிடும், பழக்கமில்லாதவர்களும் தாங்கக்கூடிய வேகம். சரௌதி பக்கம் படகேறி குரிந்தார் பக்கம் கரையேறுவது வழக்கமான ஒருநாள் பயணம்.

நாங்கள் ஐந்து பேர், ஓர் அக்டோபர் கடைசியில் போனோம். மூன்றாவது ரேப்பிட்டில் (ஆறு வேகமெடுத்து அலையடிக்கிற இடம்) எங்களில் ஒருவன் தண்ணீரில் விழுந்தான். சிராய்ப்புகூட இல்லாமல் தூக்கிவிட்டோம். ஆனாலும் அந்த இரண்டு நிமிடம் இன்றைக்கும் எனக்கு நினைவில் அப்படியே இருக்கிறது. அவனுக்கு நீச்சல் தெரியாது. கரையில் வைத்து கைடு “நீச்சல் தெரியாதவர்கள் யார்?” என்று கேட்டபோது அவன் கை தூக்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம், அதுதான் காரணம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நண்பர்கள் முன்னால் மறைப்பது

ராஃப்டிங்குக்கு நீச்சல் கட்டாயமில்லை. திரிசூலி போன்ற ஆற்றில் நீச்சல் தெரியாதவர்கள் தினமும் போய் வருகிறார்கள். ஆனால் தெரியாது என்பது கைடுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் அவர் அந்த ஆளைத் தன் கைக்கெட்டும் தூரத்தில், பின்வரிசையில் உட்கார வைப்பார். லைஃப் ஜாக்கெட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். கூடவே கயாக் என்கிற சிறு ஒற்றையாள் படகில் வருகிற மீட்பாளரிடம் ஆளைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். எங்கள் நண்பன் முன்வரிசையில், அலை முதலில் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

மறைக்கப்படுவது நீச்சல் மட்டுமல்ல. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, சமீபத்தில் செய்த அறுவை சிகிச்சை, ஏற்கெனவே ஒருமுறை நழுவிய தோள்மூட்டு, கர்ப்பம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இவற்றில் சிலவற்றுக்கு ஆற்றில் இறங்காமல் இருப்பதே சரி. இன்ஹேலர் வைத்திருப்பவர் அதைப் பேருந்திலேயே விட்டுவிடாமல், தண்ணீர் புகாத பையில் போட்டு கைடிடம் கொடுத்துவிட வேண்டும்.

கூட்டமாக இருக்கும்போது இதைக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் முந்தின நாள் இரவு, அறையில், தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, யாராவது ஒருவர் “எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது” என்று முதலில் சொல்லிவிடுவது. அப்புறம் மற்றவர்களுக்கும் வாய் வரும்.

தேதியும் ஆறும்

ஆறுகளின் கடினத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்றால் சிறு சலசலப்பு, ஆறு என்றால் உயிரைப் பணயம் வைப்பது. திரிசூலியின் இந்தப் பகுதி நல்ல பருவத்தில் மூன்று. பலர் இந்த எண்ணை ஆற்றின் நிரந்தரக் குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் ஏறினால் தரமும் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் இதே ஆறு கலங்கிய நிறத்தில், மரங்களை உருட்டிக்கொண்டு ஓடும். 2024 ஜூலையில் நாராயண்காட் – முக்லிங் சாலையில் ஏற்பட்ட நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் தள்ளியது இந்தத் திரிசூலிக்குள்தான். அந்த மாதங்களில் கட்டணம் குறைவு என்று யாராவது அழைத்தால், அறைக்கட்டணத்தில் மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஆற்றில் வேண்டாம். அக்டோபர், நவம்பர் நல்லது. மார்ச்சிலிருந்து மே வரையும் நல்லதுதான், ஆனால் மே மாதத்தில் பிற்பகல் இடிமழை வரும், பனி உருகித் தண்ணீரும் கூடும். காலையில் இறங்கிவிடுவது மேல்.

நம்மூரிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆயுத பூஜை விடுமுறையில் போகத் திட்டமிட்டால், அங்கே அதே நாட்களில் தசைன் நடக்கும். நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை. காத்மாண்டுவே ஊருக்குக் கிளம்பும். அந்தச் சாலை நகராது, அனுபவமுள்ள கைடுகள் பலர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு வாரம் தள்ளிப் போனால் வானமும் தெளிவாக இருக்கும், ஆட்களும் திரும்பியிருப்பார்கள்.

நண்பர்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் “மூன்றெல்லாம் குழந்தைகளுக்கு, போடே கோசி போகலாம்” என்பார். மேல் போடே கோசி செங்குத்தாக இறங்குகிற, பாறை நெருங்கிய ஆறு, நான்கு, ஐந்து தரம். முதல்முறை போகிறவர்கள் நிறைந்த படகுக்கு அது இடமில்லை. கூட்டத்தில் யார் மிகவும் பலவீனமோ, அவருக்கு ஏற்ற ஆற்றைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காத்மாண்டுவில் சுற்றுலாக் கடைகள் நிறைந்த தமேல் பகுதியில் பலரும் விலை பேசுவதோடு நின்றுவிடுகிறார்கள். தமேல் கடையில் சீட்டு எழுதுகிறவரும் ஆற்றில் படகு நடத்துகிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். அதனால் படகை நடத்துவது யார், மீட்புக் கயாக் கூட வருமா, ஹெல்மெட் கொடுப்பார்களா, ஒரு படகில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கயாக் பற்றிய கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், அதில் ராஃப்டிங் சேர்ந்திருக்கிறதா, எந்தத் தரம் வரை என்பதையும் ஊரிலேயே படித்துவிடுங்கள். பல பாலிசிகள் சாகச விளையாட்டைச் சேர்ப்பதில்லை.

உடையும் ஜாக்கெட்டும்

திரிசூலி திபெத் பக்கமிருந்து வருகிற பனிநீர். வெயில் சுள்ளென்று அடிக்கும்போதும் தண்ணீர் குளிரும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். நைலான், பாலியஸ்டர் துணி போதும். ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். குதிகாலில் பட்டை உள்ள செருப்பு, அல்லது பழைய கேன்வாஸ் ஷூ போடுங்கள். வெறுங்காலோடு மட்டும் வேண்டாம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். துப்பட்டா, தொங்கும் கயிறு, தாலிச்சங்கிலி, மோதிரம் எதுவும் படகில் வரக்கூடாது. எல்லாம் எங்கேயாவது மாட்டும். சன்ஸ்கிரீனை முழங்காலுக்கும் பாதத்தின் மேல்பக்கத்துக்கும் மறக்காமல் தடவிவிட்டு, உள்ளங்கையைக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் துடுப்பு வழுக்கும்.

லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்டுகிறது என்று தளர்த்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. தளர்ந்த ஜாக்கெட் தண்ணீரில் மேலே மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து கீழே நழுவுவீர்கள். சோதிப்பது சுலபம். நண்பரை உங்கள் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காது வரை ஏறினால் இறுக்கம் போதாது. ஆறு அமைதியாக ஓடுகிற இடத்தில் போட்டோவுக்காக வார்ப்பட்டையைக் கழற்றுகிறவர்களும் உண்டு. அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கைடுக்கு மட்டும்தான் தெரியும்.

படகில்

கரையில் கைடு பேசுகிற பத்து நிமிடத்தில்தான் நண்பர்கள் கூட்டம் அதிகமாகச் சிரிக்கும், வீடியோ எடுக்கும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அந்தப் பத்து நிமிடத்தில் சொல்வது சில கட்டளைகள் மட்டுமே. ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன், இடப்பக்கம் சாய், வலப்பக்கம் சாய். ரேப்பிட்டுக்குள் தண்ணீர் இரைச்சலில் பாதி வார்த்தைதான் காதில் விழும். அந்தப் பாதியைக் கேட்டதும் கை தானாகச் செய்ய வேண்டும். “என்ன சொன்னார்?” என்று பக்கத்து ஆளிடம் கேட்க நேரமிருக்காது.

பயந்தவுடன் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு கயிற்றைப் பிடிப்பது எல்லோருக்கும் வருகிற இயல்பு. ஆனால் துடுப்புப் போடாத படகு அலைக்கு முன்னால் நின்றுவிடும், பக்கவாட்டில் திரும்பும், அப்போதுதான் கவிழும். தண்ணீருக்குள் ஊன்றியிருக்கும் துடுப்பு உங்களுக்கும் ஒரு பிடிமானம். கால்களைக் குறுக்கே இருக்கிற காற்றுக்குழாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். துடுப்பின் மேல்முனையில் இருக்கிற ‘T’ வடிவப் பிடியை ஒரு கணமும் விடாதீர்கள். கை விட்ட பிடி பக்கத்தில் இருப்பவரின் பல்லில்தான் போய் இடிக்கும்.

விழுந்தால்

எங்கள் நண்பன் விழுந்ததும் செய்த முதல் காரியம் காலை ஊன்றி நிற்கப் பார்த்தது. நீச்சல் தெரியாதவருக்கு அதைவிட இயல்பானது வேறில்லை. ஓடும் ஆற்றில் அதைவிட ஆபத்தானதும் வேறில்லை. அடியில் இருப்பது மணல் அல்ல, பாறைகளும் அவற்றின் இடுக்குகளும். பாதம் ஓர் இடுக்கில் சிக்கினால் நீரோட்டம் முதுகைத் தள்ளி ஆளை முன்பக்கமாக அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீர் போதும். லைஃப் ஜாக்கெட்டால் அந்த இழுவையை வெல்ல முடியாது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கி, ஓட்டமும் அடங்கும் வரை நிற்கவே கூடாது.

செய்ய வேண்டியது, மல்லாந்து படுத்து, ஆறு போகிற திசையில் கால்களை நீட்டி, பாதம் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி மிதப்பது. பாறை வந்தால் கால் தாங்கிக்கொள்ளும். மூச்சை அலையின் பள்ளத்தில் இழுங்கள், அலை முகத்தின் மேல் ஏறும்போது வாயை மூடுங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவில் போய்விடாதீர்கள். படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளாலும் அதன் அடிப்பாகத்தைத் தடவிக்கொண்டு ஒரே திசையில் போங்கள். திசை மாற்றினால் அங்கேயே சுற்றுவீர்கள். கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், மணிக்கட்டில் சுற்றாதீர்கள். பிடித்ததும் மல்லாந்து, கயிறு தோள் மேலாக வரட்டும்.

விழுந்து கிடக்கும் மரம் மட்டும் வேறு விஷயம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஆள் போக முடியாது. முடிந்தவரை பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். முடியாவிட்டால் குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க, மரத்தின் மேல் தாவி ஏறிவிட வேண்டும்.

நாங்கள் செய்த அடுத்த தவறு இதுதான். அவன் படகருகே வந்ததும் மூன்று பேர் ஒரே பக்கம் பாய்ந்தோம். படகு சரிந்தது. கைடு கத்திய பிறகுதான் இரண்டு பேர் பின்வாங்கினோம். தூக்க ஒரே ஒருவர் போதும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். அவர் முகம் படகைப் பார்த்திருக்க, ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து, உங்கள் உடம்பைப் பின்னால் சாய்த்தால் ஆள் உங்கள் மேலேயே வந்து விழுவார். கயாக்காரர் அவனைப் படகு வரை கொண்டுவந்து சேர்த்ததால் எங்களுக்கு அவ்வளவு வேலைதான் இருந்தது.

மதியம் மணல்திட்டில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். இந்த இடத்தில் பீர் வாங்குகிற குழுக்களும் உண்டு, பாதி ஆறு மிச்சமிருக்கும்போது. கரையேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். கைடைக் கேட்காமல் பாறை மேலேறிக் குதிப்பதும் அப்படியே, மேலே பச்சையாக அமைதியாகத் தெரிகிற இடத்தில் அடியில் பாறை இருக்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் எங்கள் நண்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டு கைடிடம் போய், எங்கள் காதில் விழும்படியே, “எனக்கு நீச்சல் தெரியாது” என்றான். அவர் தலையசைத்தார், அவ்வளவுதான். அவன் ஜாக்கெட்டின் நான்கு பட்டைகளையும் இழுத்துக் கட்டினார், பின்வரிசையில் தனக்கு முன்னால் இருந்த இடத்தைக் காட்டினார். முன்வரிசைக்கு நான் மாறினேன். குரிந்தாரில் மனகாமனா கோயிலுக்குப் போகிற கேபிள் கார்கள் தலைக்கு மேலே ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எல்லோரையும்விட உரக்க எண்ணிக்கொண்டு துடுப்புப் போட்டது அவன்தான்.